தாண்டிக்குடி கல்திட்டைகளை எண்ணினால் அன்றைய ஜனத்தொகை தெரியுமா?

மிளகுக்கொடி:
வணக்கம். எங்கள் காப்பித் தோட்டம் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம். மேட்டில் பலகைக்கல்லை நட்டு மூடுகல் வைத்த கல்திட்டைகள் நாலைந்து இருக்கின்றன, குள்ளர் வீடு என்பார்கள். சின்ன வயதில் மழைக்கு அதற்குள்தான் ஒதுங்குவோம். இவற்றைக் கட்டிய காலத்தில் இந்த மலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கல்லை எண்ணி ஆளைச் சொல்ல முடியுமா?

சட்டிஓடு:
கல்திட்டை செத்தவர்களுக்காக எழுப்பியது, அதனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. புதைத்தவர் எண்ணிக்கையைச் சராசரி ஆயுளால் பெருக்கி, இடுகாடு புழக்கத்தில் இருந்த ஆண்டுகளால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு 100 கல்திட்டை, ஒன்றுக்கு ஓர் ஆள், ஆயுள் 25, புழக்கம் 500 ஆண்டு என்று வைத்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் இருந்தவர்கள் என்று வருவது 5 பேர்! ஒன்றில் மூன்று பேரை வைத்திருந்தாலும் 15தான். ஐந்து பேர் சேர்ந்து அந்த மூடுகல்லைத் தூக்கி வைத்திருக்க முடியுமா? ஆக, செத்தவர் எல்லாருக்கும் கல்திட்டை எழுப்பவில்லை, அல்லது நிறையக் கல் அழிந்துபோயிற்று, இரண்டுமாகவும் இருக்கலாம். ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதியது 1928-லேயே வந்துவிட்டது. அதில் சொன்ன இடங்களுக்கு இன்று போய்ப் பார்த்தால், எவ்வளவு போயிற்று என்பதாவது பிடிபடும்.

சோலைக்காடு:
கல்லறையை விட வீடு நல்ல சாட்சி. நரோல் என்ற மானிடவியலாளர் 1962-ல் 18 சமூகங்களின் குடியிருப்புகளை ஒப்பிட்டு, கூரைக்கு அடியில் இருக்கும் தரையில் ஆளுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் என்றார். ஆனால் மலையில் மூங்கிலும் புல்லும் வேய்ந்த வீடு மட்கிவிடும், தரையின் அளவே கிடைக்காது. அப்புறம் இன்னொரு சிக்கல். நீலகிரியில் தோடர்கள் முன்பெல்லாம் வறட்சிக் காலத்தில் எருமைகளை ஓட்டிக்கொண்டு வேறு மந்துக்கு, அதாவது வேறு குடியிருப்புக்கு, போய்விடுவார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு இடம். பின்னால் தோண்டுகிறவர் அதை இரண்டு குடும்பமாகத்தானே எண்ணுவார்? இரண்டு இடமும் ஒரே சமயத்தில் புழங்கியதா என்று தெரியாமல் கூட்டினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

மிளகுக்கொடி:
அக்கா, நாற்று நடக் குழி எடுத்தபோது ஒரு முழ ஆழத்தில் பானை ஓடுகள் வந்தன, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கல்திட்டை இருக்கும் மேட்டில் இல்லை, கீழே ஓடைப் பக்கம்.

சோலைக்காடு:
அப்படியா! கறுப்பு சிவப்புப் பானை புதைகுழியிலும் வரும், குடியிருப்பிலும் வரும், ஓடையோரம் என்றால் வீடாக இருக்க வாய்ப்பு உண்டு தம்பி. தயவுசெய்து அந்தப் பக்கம் இனிக் குழி எடுக்காதீர்கள். மேலாக ஓடு கிடக்கிற இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்து அளந்து, படமும் எடுத்து வையுங்கள், ஆள் கணக்குக்கு முதலில் வேண்டியது அந்தப் பரப்புதான். எடுத்த ஓடுகளை எந்தக் குழி என்று எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள், கழுவ வேண்டாம்.

சட்டிஓடு:
கரித்துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் கை படாமல் வையுங்கள், காலம் கணிக்க உதவும். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள்.