தங்கையின் லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க்

காவிரிக்கரை
என் தங்கை இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். நான் ஓட்டிய லேப்டாப்பை அவளுக்குக் கொடுக்கப்போகிறேன். ஐ3 ஆறாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இருப்பது விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி கலந்து குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஒரு சிலவற்றைத் தவிர எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. அதனால் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் வகைகளில் ஒன்றைப் போட்டுக் கொடுக்க நினைக்கிறேன். வேகம்தான் முதல் தேவை. கையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருக்கிறது. எதைப் போடலாம்?

நூறு எம்பி
ஆன்டிஎக்ஸ். வேறு பேச்சே வேண்டாம். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, பின்னணிச் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறிய சாளர மேலாளரோடு வருகிறது. என் பழைய கணினியில் எழுந்து நின்றதும் 230 எம்பி ரேம்தான் எடுக்கிறது. உபுண்டு வந்து உட்காரும்போதே ஒரு ஜிபிக்கு மேல் கேட்கிறது. நாலு பேர் படுக்கும் திண்ணையில் விருந்தாளி ஒருவரே கால்வாசியைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்காரர் எங்கே படுப்பார்?

இருள்திரை
காலி லினக்ஸ் போடுங்கள். திரையைப் பார்த்தாலே தனி மரியாதை வரும்.

பட்டறைக்காரன்
பெயரிலேயே காலி. தம்பி, அது கணினிப் பாதுகாப்பைச் சோதிப்பவர்களுக்கான கருவிப்பெட்டி. லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதை உருவாக்குபவர்களே தங்கள் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். திரைப் படத்துக்காக அதைப் போடச் சொல்லி மாதத்துக்கு இரண்டு பையன்களாவது என் கடைக்கு வருகிறார்கள்.

காவிரிக்கரை, திருச்சியில் பதினைந்து ஆண்டுகளாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். "மெதுவாக இருக்கிறது, லினக்ஸ் போடுங்கள்" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் கழற்றுவது ஹார்ட் டிஸ்க்கை. உள்ளே தட்டு சுற்றுகிறது, அதன் மேல் ஒரு முனை இங்கும் அங்கும் ஓடி ஒவ்வொரு கோப்பாகத் தேட வேண்டும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளென்றால் நொடிக்கு நூறு தடவை போய்வருவதே பெரிய காரியம். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சில்லு வட்டில் ஓடும் பாகமே கிடையாது, அதே ஒரு நொடியில் பல்லாயிரம் தடவை எடுத்துக் கொடுக்கும். உங்கள் வட்டம் சுற்றுவது இந்த ஓட்டத்துக்காகத்தான். அந்த வட்டிலேயே எந்த லினக்ஸைப் போட்டாலும் காபியில் பாதியாவது குடிக்க நேரமிருக்கும்.

240 ஜிபி எஸ்எஸ்டி உங்கள் பணத்துக்குள் கிடைக்கும். அதில் லினக்ஸ் மின்ட்டின், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச்சூழல் கொண்ட பதிப்பைப் போடுங்கள். ரேமை இப்போது தொட வேண்டாம், அதன் விலை ஏறிக் கிடக்கிறது.

நூறு எம்பி
எஸ்எஸ்டியை நானும் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி இயங்குதளத்தைப் பற்றியது. அதே எஸ்எஸ்டியில் ஆன்டிஎக்ஸ் இன்னும் வேகமாக ஓடாதா? மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என் கணினியில் 800 எம்பி எடுத்தது. அந்த 570 எம்பியை எதற்காகத் தாரை வார்க்க வேண்டும்?

வரைபலகை
கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த 570 எம்பியைப் பற்றியே பேசுவோம்.

நேற்று மாலை மாணவர்கள் போன பிறகு 4 ஜிபி ரேம் உள்ள இரண்டு கணினிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, இன்னொன்றில் ஆன்டிஎக்ஸ். இரண்டிலும் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து ஒரு மாணவி வழக்கமாக வைத்திருக்கும் பக்கங்களைத் திறந்தேன்: மின்னஞ்சல், காணொளிப் பாடம், இணையத்தில் எழுதும் ஆவணம், கல்லூரித் தளம், விக்கிப்பீடியா இரண்டு. ஆறு தாவல்கள். மின்ட்டில் 2.8 ஜிபி போயிற்று, ஆன்டிஎக்ஸில் 2.3. காணொளி இரண்டிலும் ஒரே மாதிரி ஓடியது. எழுத்து திரையில் விழுவதிலும் வேறுபாடு தெரியவில்லை. ரேமைத் தின்பது பிரௌசர், அது எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் அதே சாப்பாடுதான் சாப்பிடும்.

இன்னொன்று. முனையத்தில் "ஃப்ரீ" என்று கட்டளையிட்டுவிட்டு, அதே பெயரில் வரும் பத்தியில் 200 எம்பிதான் மிச்சம் என்று பார்த்துப் பலர் பதறுகிறார்கள். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் வட்டின் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும், வேறு நிரல் கேட்டவுடன் விட்டுக் கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள "அவைலபிள்" பத்தி. நூறு எம்பி, உங்கள் 230 எந்தப் பத்தி?

நூறு எம்பி
"யூஸ்டு" பத்தி. கணக்கு எனக்கும் தெரியும், அக்கா. உங்கள் சோதனையே என் கட்சிக்குத்தான் சாட்சி. எட்டாவது, ஒன்பதாவது தாவல் திறக்கும்போது மின்ட் ரேம் போதாமல், வட்டில் அதற்கென ஒதுக்கிய ஸ்வாப் இடத்துக்குப் போய் மூச்சு வாங்கும். ஆன்டிஎக்ஸ் அப்போதும் நடந்துகொண்டிருக்கும்.

வரைபலகை
நடக்கும், பதினோராவது தாவல் வரை. அதற்கு இசட்ரேம் இருக்கிறது: ரேமின் ஒரு பகுதியிலேயே பழைய பக்கங்களைச் சுருக்கி மடித்து வைத்துக்கொள்ளும், வட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஃபெடோரா என்ற லினக்ஸ் 2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே வைத்திருக்கிறது. மின்ட்டில் ஒரு சிறு பொதியை நிறுவினால் போதும். எங்கள் ஆய்வகத்தில் எல்லாக் கணினியிலும் போட்டிருக்கிறேன். உங்கள் 570 எம்பியை அதிலேயே ஈடுகட்டிவிடலாம்.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் மாணவன் ஒருவன் மிக இலகுவான லினக்ஸ் வழங்கல் ஒன்றைப் போட்டுக்கொண்டான், எது என்று சொல்லவில்லை. இணையவழித் தேர்வுக்கு முந்தைய நாள் புளூடூத் ஹெட்போனை இணைக்க மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தான். ஒலிக்கு ஒரு சேவை, புளூடூத்துக்கு ஒரு சேவை, இரண்டையும் பேச வைக்க மூன்றாவது. ஒன்பது மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். அந்த நான்கு மணி நேரத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஜன்னலோரம்
இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், அந்தப் பெண் என்ன படிக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

காவிரிக்கரை
பி.காம்., கணினிப் பயன்பாடு. மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறாள். நான் வேலை பார்ப்பது திருப்பூரில்.

பட்டறைக்காரன்
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

ஜன்னலோரம்
பி.காம். என்றால் டேலி என்ற கணக்கு மென்பொருள். டேலி பிரைம் லினக்ஸுக்கு வெளிவருவதில்லை, முடிந்தது கதை. எஸ்எஸ்டி போடுங்கள், அதை ஏற்கிறேன். ஆனால் விண்டோஸ் 10ஐயே வையுங்கள். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும்.

லினக்ஸ் மோகம் நமக்குப் புதிதல்ல. 2011இல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்கு லேப்டாப் வந்தது. ஒரு வீட்டிலாவது அந்தப் பக்கம் யாரும் போனதாக எனக்கு நினைவில்லை.

டெபியன் தாத்தா
நான் போனேன். பள்ளியில் கணினி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பாஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. உங்கள் தெருப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம், "இதையும் திறந்து பார்" என்று சொல்ல பக்கத்தில் ஆளில்லாததுதான். என் வகுப்பில் திறந்தார்கள். அதில் எழுதி, அதிலேயே நிரல் ஓட்டி, மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

ஆகவே வேகத்தைப் பற்றிய பேச்சுக்கு முன், மயிலாடுதுறையில் அந்தப் பெண்ணுக்கு உதவ யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தோழி ஒருத்தி உபுண்டு வைத்திருந்தால் உபுண்டு. ஒருவரும் இல்லையென்றால் அண்ணன் தொலைபேசியில் சொல்லித்தரக்கூடியது எதுவோ அது. டெபியன் 13 2025 ஆகஸ்டில் வந்தது. என் விருப்பம் அதுதான், ஆனால் அதை வற்புறுத்த மாட்டேன். அதன் நிறுவி முதல் முறை வருகிறவரிடம் கொஞ்சம் அதிகமாகவே கேள்வி கேட்கும்.

நூறு எம்பி
ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். திருப்பூரிலிருந்து தொலைபேசியில் ஐஸ்டபிள்யூஎம் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால் ஒன்று: உபுண்டு பக்கம் போவதாக இருந்தால் அதில் ஃபயர்ஃபாக்ஸ், தேவையானதையெல்லாம் உள்ளேயே கட்டிக்கொண்டு வரும் ஸ்னாப் வடிவில் வருகிறது, முதல் முறை திறக்கும்போது தாமதமாகும். மின்ட் ஸ்னாப்பை ஒதுக்கி வைத்து வழக்கமான பொதியாகவே கொடுக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவாவது மின்ட்டுக்கு என் ஓட்டு. அரை மனத்தோடு.

ஜன்னலோரம்
டேலிக்கு என்ன பதில்?

பட்டறைக்காரன்
விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. தேர்வு நேரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். இரண்டும் இருக்கட்டும். முறை இது:

எஸ்எஸ்டியை மாற்றியதும் முதலில் 80 ஜிபியில் விண்டோஸ் 10. அதில் டேலியும் அச்சுப்பொறி இயக்கியும் மட்டும். இணையத்துக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம், வைஃபையை அணைத்து வையுங்கள். மீதியில் மின்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பின்னால் விண்டோஸ் போட்டால் அது கணினியைத் தானே தொடக்கிக்கொள்ளும், மின்ட்டுக்குப் போகும் வழி மறைந்துவிடும்.

விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்பதை அணைக்க மறக்காதீர்கள். அது இருந்தால் அணைத்த கணினி உண்மையில் அணையாது, அரைத் தூக்கத்தில் கிடக்கும். மின்ட்டிலிருந்து அந்தப் பகுதிக் கோப்புகளைப் படிக்கலாம், எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் முன், மின்ட்டைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று நான்கையும் பாருங்கள். கடைக்கு வருகிற தகராறுகளில் முக்கால்வாசி இந்த நான்கில் ஒன்று.

ஜன்னலோரம்
80 ஜிபியாவது எனக்குக் கிடைத்தது. வேர்டு கோப்புகள்? லிப்ரெஆபீஸில் திறந்தால் வரிகள் இடம் மாறிப் பக்கக் கணக்கு தப்புகிறதே. ஒப்படைப்பில் அதற்கும் மதிப்பெண் குறைக்கிறார்கள்.

வரைபலகை
பெரும்பாலும் எழுத்துருவால் வருவது. காலிப்ரி இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் வரி நீளம் மாறும். கார்லிட்டோ எழுத்துருவுக்குக் காலிப்ரியின் அதே அகலம், லிபரேஷன் செரிஃபுக்கு டைம்ஸ் நியூ ரோமனின் அகலம். இரண்டும் இருந்தால் பெரும்பாலான தொல்லை தீரும். சிக்கலான அட்டவணைகள் அப்போதும் கொஞ்சம் நகரும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒப்படைக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

டெபியன் தாத்தா
முதலாண்டில் தமிழ்த் தாளும் உண்டு. பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸோடு எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99 வந்துவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் உருவான விசைப்பலகை. ககர விசையை இரண்டு தடவை தட்டினால் புள்ளியைத் தானே வைத்து "க்க" ஆக்கிவிடும். ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக்கும் பழக்கம் வருவதற்கு முன்பே இதைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

காவிரிக்கரை
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். தீபாவளிக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன சட்டையை எனக்கு நானே ரத்து செய்துவிட்டு எஸ்எஸ்டி வாங்கினேன். பட்டறைக்காரன் சொன்ன வரிசைப்படி விண்டோஸ், பிறகு மின்ட் 22.2. மின்ட் இருபது நொடியில் எழுகிறது, காபிக்கு நேரமில்லை. இசட்ரேமும் போட்டாயிற்று.

ஒரே ஒரு சிக்கல். மின்ட்டில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பின்னால் போகிறது. நேற்று இரவு எட்டு மணிக்குப் பிற்பகல் இரண்டரை காட்டியது.

வரைபலகை
ஐந்தரை மணி நேரம், பாருங்கள். மின்ட் கணினியின் உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படித்துக்கொள்கிறது. மின்ட்டையும் உள்ளூர் நேரத்தை எழுத வைக்க ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

ஜன்னலோரம்
டேலியில் ரசீது தேதி தப்பாகப் போயிருக்குமே!

காவிரிக்கரையின் தங்கை
போகவில்லை அண்ணா. கல்விப் பதிப்பில் மாதத்துக்கு 1, 2, 31 என்ற மூன்று தேதிகளைத்தான் போட முடியும், கடிகாரம் எதைக் காட்டினாலும் எங்களுக்கு ஒன்றுதான்.

நான் இப்போது எழுதுவது மின்ட்டில், தமிழ்99இல். பயர்பாக்ஸில் பத்துத் தாவல் திறந்திருக்கிறேன். நூறு எம்பி அண்ணா, அந்த ஆன்டிஎக்ஸைப் பென் டிரைவில் போட்டுப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

தாத்தா, ஆய்த எழுத்து எந்த விசையில் இருக்கிறது? பயர்பாக்ஸை எப்படி எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

நூறு எம்பி
அண்ணனும் இதே பக்கத்தில்தான் இருக்கிறார், அம்மா.

டெபியன் தாத்தா
எஃப் விசை. தனியாகத் தட்டினால் ஃ. ககரத்துக்குப் பின் தட்டினால் புள்ளியாகிவிடும், பார்த்துத் தட்டு.

காவிரிக்கரையின் தங்கை
ஃபயர்ஃபாக்ஸ்.