மறுமொழி: ‘சுணக்கப் பழுது’ சரிவருமா?

வணக்கம். மின்னணுச் சில்லுச் சோதனையில் வரும் ‘delay fault’ என்பதற்குச் ‘சுணக்கப் பழுது’ என்று நான் சொன்னதற்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> காலதாமதப் பிழை என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். இந்தப் பழுதுள்ள சில்லு கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது, விடை பிந்தி வருகிறது. அதற்குள் சில்லுக்குத் தாளம் போடும் கடிகாரத் துடிப்பு வந்து பழைய மதிப்பைப் பதிந்துகொண்டு போய்விடும். அப்படிப் பதிவான மதிப்புதான் பிழை. அதற்குக் காரணமாக உள்ளே இருப்பது பழுது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வகுப்பில் பாடம் நடத்த முடியாது.

தயாரிப்பில் இரண்டு உலோக அடுக்குகளை இணைக்கும் துளை சரியாக நிரம்பாமல் போனது என்று வையுங்கள். இணைப்பு அறுபடவில்லை, மின்தடை கூடிவிட்டது. அடுத்த கேட் (0, 1 கணக்கைப் போடும் சிறு சுற்று) மின்னேற நேரம் பிடிக்கும். 1 கிகாஹெர்ட்ஸில் துடிப்புக்குத் துடிப்பு 1 நானோநொடிதான் இடைவெளி. மெதுவாக ஓட்டினால் இதே சில்லு தேறிவிடும், அதனால் இயங்கும் வேகத்திலேயே சோதிக்க வேண்டும். ஒற்றை உள்ளீடும் போதாது. முதல் உள்ளீடு சந்தேகப்படும் முனையை 0-இல் நிறுத்த வேண்டும், அடுத்தது 1-க்கு ஏற்ற வேண்டும், ஒரு துடிப்பு கழிந்ததும் வெளியீட்டைப் பிடிக்க வேண்டும்.

‘பிள்ளை சுணங்கிக் கிடக்கிறான்’ என்றால் சோர்வல்லவா என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். அந்தச் சாயலும் இருக்கட்டுமே! இந்த கேட் சோர்ந்துதான் கிடக்கிறது, சாகவில்லை. செத்து 0-இலோ 1-இலோ ஒட்டிக்கொண்டதற்கு ‘ஒட்டுப் பழுது’ ஏற்கெனவே இருக்கிறது. கிளைச்சொல்லும் சிரமமில்லாமல் வருகிறது: 0-இலிருந்து 1-க்கு ஏறப் பிந்தினால் ஏற்றச் சுணக்கம், 1-இலிருந்து 0-க்கு இறங்கப் பிந்தினால் இறக்கச் சுணக்கம்.

‘தடச் சுணக்கம்’ தனி. உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரை கேட்டு கேட்டாகப் போகும் பாதைதான் தடம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பேருந்து அரியாங்குப்பத்தில் மட்டும் அரை மணி நின்றால் ஒரு கேட்டின் சுணக்கம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று நிறுத்தத்துக்கு இரண்டிரண்டு நிமிடம் இழுத்தால் தடச் சுணக்கம், எந்த நிறுத்தத்தையும் குற்றம் சொல்ல முடியாது. சோதனைக்காரர்களுக்குத் தலைவலி இதுதான். சோதனை முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க 1985-இல் வந்த ஐஎஸ்கேஸ் (ISCAS) மாதிரிச் சுற்றுகளில் சி6288 என்ற 16 பிட் பெருக்கியில் கேட்டுகள் இரண்டாயிரத்துச் சொச்சம். தடங்களோ ஏறத்தாழ 10-இன் 20-ஆம் அடுக்கு. அத்தனையையும் யார் சோதிப்பது? நீளமானவற்றைப் பொறுக்கியெடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து

---

ஐயா, சுணக்கப் பழுது எனக்குச் சம்மதம். ‘தடம்’தான் இடிக்கிறது. சர்க்யூட் போர்டில் ஓடும் செம்புக் கோட்டையே எங்கள் பட்டறையில் தடம் என்கிறோம். பையன்கள் குழம்புவார்கள். ‘வழி’ என்று வைத்தால் என்ன?

கடலூரிலிருந்து

---

நியாயம்தான். ஒரு வழியில் பல கோடுகளும் கேட்டுகளும் வருவதால் செம்புக் கோட்டின் பெயர் அதற்கு ஆகாது. ‘வழிச் சுணக்கம்’ என்றே இருக்கட்டும். ஞாயிறுக்குள் வேறு மறுப்பு வரவில்லை என்றால் நான்கையும் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன். ‘இயங்குவேகச் சோதனை’ பற்றித் தனி இழை தொடங்குங்கள், அதில் எனக்கும் கொஞ்சம் சண்டை இருக்கிறது.