களி உருண்டையை எடை போட்ட நாள்: "என்ன சாப்பிடுவீங்க" என்று கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற வேலையில் சில மாதங்கள் இருந்தேன். கேட்டவள் என்ற முறையில் என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன்.

பெரியவர்கள் வழக்கமாக என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு படிவம் தயாரித்திருந்தார்கள். சோறு, இட்லி, களி, கீரை, முட்டை, கருவாடு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் தினமுமா, வாரத்துக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். எங்கள் வேலை அந்தப் படிவத்தையே சோதிப்பது. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்க்க, ஒரே ஆளிடம் சில மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்போம். நடுவில் சில நாட்கள் முன்கூட்டிச் சொல்லாமல் போய், "நேத்து எழுந்ததுலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டு எழுதுவோம். சில வீடுகளில் தராசோடு உட்கார்ந்து எடையே போடுவோம். அப்புறம் எல்லாம் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள்.

பென்னாகரம் பக்கம் ஒரு வீடு. அறுபது வயது அம்மா. களி எத்தனை தடவை என்றேன். "தினமும்தான் கண்ணு, ராத்திரிக்கு." எவ்வளவு? "ஒரு உருண்டை." அளவு காட்டுவதற்கு எங்களிடம் ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்திருந்தார்கள். அதை நீட்டினேன். அந்த அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நாங்க கடைசல்தான் ஊத்துவோம்" என்று திருப்பிக் கொடுத்தார். நான் குத்துமதிப்பாக ஒன்றரைக் கிண்ணம் என்று எழுதினேன்.

தராசு கொண்டுபோன நாளில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. பானையில் தண்ணீர் கொதித்ததும் முதலில் ரேஷன் அரிசியைப் போட்டார். அது குழைந்து வெந்த பிறகு கேழ்வரகு மாவை மேலே குவித்து, துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி செய்து, மூடி வேகவிட்டார். அப்புறம் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டினார். ஈரத் தட்டில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உருட்டினார். அவர் கணவருக்கு வைத்த உருண்டை 510 கிராம், அவருடையது 345. இரண்டுக்கும் பெயர் "ஒரு உருண்டை"தான்.

படிவத்தில் களி என்றால் கேழ்வரகு மட்டும். ஆகவே காகிதத்தைப் பார்த்தால் அந்த அம்மா ராத்திரியில் அரிசியே தொடுவதில்லை. அவர் ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் நேர்மையாகப் பதில் சொன்னவரைக் காகிதம் தப்பாகக் காட்டுகிறதே என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

உங்கள் வீட்டுக்கும் யாராவது இப்படி வந்திருந்தால் எழுதுங்கள்.

மாந்தோப்புக்காரர், காவேரிப்பட்டணம்

என்னிடம் முதல் தடவை கேட்டது ஜூன் மாதம். பழம் எவ்வளவு சாப்பிடுவீங்க என்றார்கள். தோப்பில் செந்தூரா முடிந்து நீலம் பறித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு நாளைக்கு நாலு பழத்துக்குக் குறையாது என்றேன். மறுபடி வந்தது ஜனவரியில். வாழைப்பழம் வாரத்துக்கு ஒன்று இருந்தால் அதிகம் என்றேன். போன தடவை வேறு மாதிரி சொன்னீங்களே என்று அந்தத் தம்பி தயங்கினார். கடந்த ஒரு வருஷத்துக்கும் சேர்த்து யோசித்துச் சொல்லுங்க என்றுதான் இரண்டு தடவையும் கேட்டார்கள். ஆனால் மனுஷனுக்கு நினைவில் நிற்பது கண் முன்னால் இருக்கிற தட்டுதானே. மாம்பழத்துக்கு மட்டுமாவது "சீசனில் எவ்வளவு, மற்ற மாதத்தில் எவ்வளவு" என்று பிரித்துக் கேட்டிருந்தால் இரண்டு தடவையும் ஒரே பதில் சொல்லியிருப்பேன்.

என்னை ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடிக்கவும் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் முதலில் போவதை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் மறுநாள் காலை முதலில் போவது வரை எல்லாம் கேனுக்குள். மத்தியானம் தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் ஒரு தடவை மறந்துவிட்டேன். மறைக்காமல் சொன்னேன். அந்தக் கேனைக் கொட்டிவிட்டு இன்னொரு நாள் முதலிலிருந்து பிடித்துக் கொடுத்தேன். எதற்கு இது என்று கேட்டேன், எனக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை.

சத்துணவு படிக்கிறவள், அரூர்

மாந்தோப்பு அண்ணா, நான் சொல்கிறேன். பருப்பு, முட்டை, கறியில் இருக்கும் புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. உடல் எடை ஏறாமல் இறங்காமல் இருக்கிறவர் சாப்பிட்ட நைட்ரஜனில் சுமார் 81 சதவீதம் சிறுநீரில் வெளியே வந்துவிடும். கேனில் இருப்பதை அளந்தால், நீங்கள் எவ்வளவு புரதம் சாப்பிட்டீர்கள் என்று உங்களைக் கேட்காமலே கணக்குப் போடலாம். ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்கு குறைந்துவிடும். நீங்கள் மறைக்காமல் சொன்னது பெரிய உதவி.

இது ஏன் வேண்டும்? படிவத்தையும் "நேத்து என்ன சாப்பிட்டீங்க"வையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. எதை மறந்தோமோ, எதைச் சொல்லக் கூச்சப்பட்டோமோ, அது இரண்டிலும் விடுபடும். விடுபட்டது இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் பார்க்கிறவருக்குப் படிவம் சரி என்றே தோன்றும்.

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் 1999-2000ல் 484 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான வகைகளும் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து, உடல் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று அளந்தார்கள். அதோடு ஒப்பிட்டால், படிவத்தில் ஆண்கள் 31 முதல் 36 சதவீதமும் பெண்கள் 34 முதல் 38 சதவீதமும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். நேற்றைய சாப்பாட்டைக் கேட்டபோதும் குறைத்தே சொன்னார்கள், ஆனால் அந்தக் குறைவு படிவத்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதி அளவுதான். படித்தவர்கள் நிறைந்த ஊரிலேயே அப்படி என்றால் நம் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

இன்னொன்று. படிவம் காட்டுகிற அளவும், அதோடு ஒப்பிடுகிற அளவும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பதை ஒட்டுறவு எண்ணாகச் சொல்வார்கள். 0.5 முதல் 0.7 வரை வந்தால் பரவாயில்லை என்று ஏற்பது வழக்கம். ஆனால் ஊரே களியைப் பாதியாகக் குறைத்துச் சொன்னாலும் அந்த எண் முழுசாக 1 என்றே வரும். யார் அதிகம் சாப்பிடுகிறார், யார் குறைவு என்ற வரிசை மட்டும்தான் அதில் தெரியும். அதனால்தான் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இருவர் 1986ல் சொன்னபடி, ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் வகுப்பில் இதை ஒரே மணி நேரத்தில் தாண்டிவிட்டார்கள். 510 கிராமும் 345 கிராமும் ஒரே "உருண்டை" என்று மேலே படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஷிஃப்ட் பெண், ஓசூர்

காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் போட்டுக் கேட்டார்கள். நைட் ஷிஃப்டில் ராத்திரி ஒரு மணிக்கு கேன்டீனில் சாப்பிடுகிறேனே, அது எந்தக் கட்டம்? கேட்ட அக்காவுக்கும் தெரியவில்லை. கடைசியில் எழுதாமலே விட்டுவிட்டார். அதுதான் என்னுடைய பெரிய சாப்பாடு.

சின்ன மருமகள், பாலக்கோடு

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் வீட்டில் முதல் தடவை கேட்டபோது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூணு வேளையும் நல்லா சாப்பிடறேன், வாரத்துக்கு ரெண்டு முட்டை என்றேன். இரண்டாவது தடவை அந்த அக்கா வந்தபோது நான் சாமந்தித் தோட்டத்தில் தனியாகப் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முட்டை மிஞ்சுவதில்லை அக்கா, காலையில் பழைய கஞ்சி, ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடியில் இருக்கிற களி என்று சொல்லிவிட்டேன். இரண்டு தாளும் ஒத்துப் போயிருக்காது. என் ஞாபகம் சரியில்லை என்று முடிவு கட்டியிருப்பார்களோ என்று இன்னும் உறுத்துகிறது.

சத்துணவு படிக்கிறவள், அரூர்

அக்கா, உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் வீட்டுக்கு மொத்தமாகச் சமைத்ததை எடை போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். உட்கார்ந்து வேலை செய்கிற ஆணுக்கு 1 பங்கு, பெண்ணுக்கு 0.8, கடும் உழைப்புச் செய்கிற பெண்ணுக்கு 1.2 என்று கணக்கு. பூப் பறிக்கிற உங்களுக்குக் காகிதத்தில் 0.8க்கு மேலேயே போட்டிருப்பார்கள். பானையில் அப்படிப் பிரிவதில்லை. தட்டைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு உங்கள் இரண்டாவது தாளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

முதலில் எழுதியவள்

பாலக்கோட்டுத் தங்கச்சி, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நானும் பலரை மாமியார் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். தனியாகக் கேட்க வேண்டும் என்று பாதி வேலை முடிந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. முன்னாடி கேட்டவர்களிடம் திரும்பப் போக நேரம் கொடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

இரண்டு பதிலும் மாறினால் எப்போதும் ஞாபகத்தின் மேல் பழி போடவும் கூடாது. 2023ல் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுப்பதை நீலகிரியிலும் நம் மாவட்டத்திலும்தான் முதலில் தொடங்கினார்கள். அந்த மாதிரி சமயத்தில் முன்னும் பின்னும் கேட்டால் பதில் மாறத்தானே செய்யும்? அங்கே சாப்பாடே மாறியிருக்கிறது.

பென்னாகரத்து அம்மாவிடம் கடைசிச் சுற்றுக்குப் போனபோது, கிண்ணத்தை நான் எடுப்பதற்குள் அவரே அடுப்படியிலிருந்து ஒரு பழைய பித்தளைத் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். "உன் கிண்ணம் வேணாம் கண்ணு. அரிசி இதுல முக்கா, மாவு இதுல மூணு. நாலு உருண்டை வரும். பெருசு அவருக்கு. இப்ப எழுது." தராசு எடையோடு ஒப்பிட்டபோது, அந்த வீட்டில் நான் எழுதிய பதில்களிலேயே இதுதான் மிக நெருங்கி வந்தது. தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி அளந்து, படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்: 240 மில்லி.