வாடிப்பட்டிப் பக்கம் அடித்தது டொர்னேடோவா? ஷீட் வீட்டில் எங்கே ஒதுங்குவது?

சிறுமலை அடிவாரம்:
சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வாக்கில் எங்கள் ஊரில் ஒரு காற்று. பகலெல்லாம் இலை அசையாமல் புழுங்கித் தள்ளியது, திடீரென்று மேற்கே கருத்து, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வந்துவிட்டது. பத்து நிமிடம்கூட இருக்காது, தெருவில் ஆறு வீட்டு சிமெண்ட் ஷீட் பறந்துவிட்டது, புளியமரம் ஒன்று கரண்ட் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது, அண்ணன் தோட்டத்தில் குலை தள்ளிய வாழை பாதிக்கு மேல் போச்சு. நான் மதுரையில் வேலையில் இருந்தேன். வீட்டில் அம்மாவும் என் பிள்ளைகள் இரண்டும்தான். அம்மா முதலில் காற்று வந்த வழியே போகட்டும் என்று முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள், ஷீட் இரண்டு கிளம்பியதும் பயந்துபோய்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கக்கூஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள், எங்கள் வீட்டில் அதற்கு மட்டும்தான் தளம் போட்டது. பிள்ளைகள் தலையில் ஆளுக்கொரு சில்வர் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்களாம். மச்சான் பையன் இது டொர்னேடோதான், மேகத்திலிருந்து தரைவரை சுழன்று இறங்கும் காற்று என்று அடித்துச் சொல்கிறான். நிஜமா? இன்னொரு தடவை வந்தால் எங்கே ஒதுங்குவது?

கொடிக்கால்காரன்:
தம்பி, நான் சோழவந்தான். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தால், இல்லை விசிறி மாதிரி விரிந்து கிடந்தால் அது சுழல் இல்லை. குடத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபக்கமும் ஓடுமே, அதே கதைதான்: இடிமேகத்தில் மழையால் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பொத்தென்று கீழே விழுந்து தரையோடு பாயும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் அடிப்பது பெரும்பாலும் இதுதான். டொர்னேடோ என்றால் ஒடுங்கிய ஒரு தடத்தில் மட்டும் நாசம் இருக்கும், மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். நம் நாட்டில் வராது என்றும் சொல்ல முடியாது, 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கம் ஜல்பாய்குரியில் வந்து ஆட்களே செத்தார்கள். ஆனால் மேகத்திலிருந்து விழும் இந்த இறங்குகாற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். எங்கள் கொடிக்காலில் அகத்தியோடு சேர்த்து வெற்றிலைக்கொடியைப் படுக்க வைத்ததும் இதுதான்.

பழைய கொத்தனார்:
அம்மா செய்தது சரியான வேலை, கதவைத் திறந்தது தவிர. உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்து முட்டும், மேலே போகிற காற்று இழுக்கும், அப்புறம் ஷீட் நிற்குமா? கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி வையுங்கள். சின்ன அறை, நாலு சுவரும் பக்கத்தில், மேலே கான்கிரீட், அதைவிட நல்ல இடம் நம் ஊர் வீட்டில் கிடையாது. மாடிப்படிக்கு அடியிலும் உட்காரலாம். மரத்தடி, தகரக் கொட்டகை, ரோட்டோர விளம்பரப் பலகை, இந்த மூன்றும் ஆகவே ஆகாது. ஷீட் பறக்காமல் இருக்கக் கல்லைத் தூக்கி வைக்கிறார்களே, அது முதலில் நம் தலையில்தான் விழும். கொக்கி போல்ட்டை வாஷர் போட்டு முடுக்குங்கள், முக்கியமாக ஓரத்து வரிசையில், காற்று பிடித்துத் தூக்குவதே அங்கேதான். உடைந்த ஷீட்டைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள், கல்நார்த் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

மேலூர் மாமா:
அண்ணன் வாழையை வெட்டி ஒதுக்கிவிட்டாரா? அதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிட்டு விஏஓவிடம் சொல்லச் சொல்லுங்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால்தான் நிவாரணம். சிட்டா, அடங்கல் எடுத்து வையுங்கள், அதற்கு அலைய விட்டது எனக்குத்தான் தெரியும். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போக வேண்டாம், கரண்ட் இல்லை என்று நினைத்துத்தான் நிறையப் பேர் மிதிக்கிறார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

சிறுமலை அடிவாரம்:
போய்ப் பார்த்தேன் அண்ணே. புளி, வாழை, முருங்கை எல்லாம் கிழக்கே பார்த்துப் படுத்திருக்கிறது. மச்சான் பையனுக்கு முகம் வாடிப்போச்சு. வாழைக்கு விஏஓ நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். கக்கூஸ் கதவின் தாழ்ப்பாளை மாற்றச் சொல்கிறார்கள் அம்மா, அன்றைக்கு உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்ததில் அது கையோடு வந்துவிட்டதாம்.