பிரிட்டனில 75 வயசு தாண்டின ஆக்களுக்கு டிவி லைசென்ஸ் (டிவி பாக்கிறதுக்கு வருசாவருசம் கட்டுற, பிபிசியை நடத்திற கட்டணம்) இலவசத்தை நிப்பாட்டினது சரியோ?

ஹரோ அண்ணை:
கோர்டன் பிரவுண் நிதியமைச்சரா இருக்கேக்க, 2000ஆம் ஆண்டு வந்த சலுகை. 2020 ஆகஸ்டில பிபிசி அதை வெட்டிப்போட்டுது. இப்ப பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச வயசானவைக்கு அரசாங்கம் குடுக்கிற உதவிக்காசு) எடுக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் இலவசம். அம்மாவுக்கு 82. பிபிசிப் பக்கமே போறேல்ல, முழுக்கத் தமிழ்ச் சானல். ஆனா எந்தச் சானலை நேரலையாப் பாத்தாலும் லைசென்ஸ் வேணுமாம். 2025 ஏப்ரலில 174.50 பவுண் ஆக்கினவை. கிழவிக்கு இது தேவையோ?

குரொய்டன் கணக்கன்:
அண்ணை, கோவத்தை ஆரிலை காட்டிறீங்கள்? 2015இல நிதியமைச்சரா இருந்த ஒஸ்போர்ண்தான் அந்தச் செலவை அரசாங்கத்தின்ர தலையில இருந்து இறக்கி பிபிசியின்ர தலையில வைச்சவர். எல்லாருக்கும் குடுத்தா வருசத்துக்கு 745 மில்லியன் பவுண் போகும், பிபிசி டூ சானலையே மூடவேண்டி வரும் எண்டு பிபிசி கணக்குக் காட்டினது. சொந்த வீடும் நல்ல பென்ஷனும் உள்ளவருக்கு, வாடகை கட்டேலாமல் நிக்கிற பெடியன் ஏன் காசு கட்டவேணும்?

ஹரோ அண்ணை:
2017 தேர்தல் அறிக்கையில, பாராளுமன்றம் முடியுமட்டும் கை வைக்கமாட்டம் எண்டு எழுதிக் குடுத்தது கன்சர்வேட்டிவ் கட்சிதானே!

குரொய்டன் கணக்கன்:
அந்தப் பாராளுமன்றம் 2019லயே கலைஞ்சுது. வாக்கு மீறேல்ல எண்டு சொல்லுவினம் 😀

ஈஸ்ட்ஹாம் மீனா:
ரெண்டு பேரும் பென்ஷன் கிரெடிட்டை ஏதோ கேட்டதும் கிடைக்கிற மாதிரி பேசுறீங்க. தகுதி இருந்தும் கேட்காதவங்க எத்தனையோ பேர். எங்க மாமியார்கிட்ட சொன்னேன். "அரசாங்கத்துக்கிட்ட கையேந்தவா?"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. எல்லாருக்கும்னு இருந்தப்ப அந்தக் கூச்சமே இல்ல. வரம்புக்குக் கொஞ்சம் மேல வருமானம் வர்றவங்க பாடு இன்னும் மோசம், அவங்களுக்கு எதுவுமே கிடையாது. கணக்கன் தம்பி, அவங்களும் பணக்காரங்களா?

குரொய்டன் கணக்கன்:
அந்த வரம்பு பிழை எண்டதை ஒத்துக்கொள்றன் அக்கா. அதை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கோ. எல்லாருக்கும் சும்மா குடுக்கிறது அதுக்கு மருந்தில்ல. ஹரோ அண்ணை, அம்மா பாக்கிறது நாடகம்தானே? பழைய பகுதிகளை யூடியூப்பில போட்டுவிடுங்கோ. நேரலையும், பிபிசியின்ர இணையச் சேவையான ஐபிளேயரும் பாக்கிறேல்லையெண்டா லைசென்ஸே தேவையில்ல.

ஹரோ அண்ணை:
சொல்லிப் பாத்தனான் தம்பி. "நேற்றையான் நாடகத்தை இண்டைக்கு ஆர் பாப்பினம், கமலா முதலே கதையைச் சொல்லிப்போடுவாள்" எண்டா. 174.50ஐ நான்தான் கட்டினனான்.