புதுப்பிப்பு: பழைய பி75 போர்டு இப்போது என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகிறது

வழிகாட்டிய எல்லாருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: இன்டெல் பி75 சிப்செட் மதர்போர்டு, ஐ5-3470 ப்ராசஸர். பிசிஐஇ ஸ்லாட் அடாப்டரில் மாட்டிய என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவைவிட வேகமான வகை) விண்டோஸுக்குள் தெரிந்தது, அதிலிருந்து பூட் ஆகவில்லை.

பயாஸுக்குள் (கணினியை எழுப்பும் போர்டு மென்பொருள்) என்விஎம்இ டிரைவர் மாட்யூலைச் சேர்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. தயாரிப்பாளர் தளத்து ஃபைல் வேண்டாம். பயாஸ் சிப்பில் இருப்பதையே சிஎச்341ஏ புரோகிராமரால் (சிப்பைப் படித்து எழுதும் யூஎஸ்பி கருவி) எடுத்துத் திருத்துங்கள். இல்லாவிட்டால் போர்டின் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்) போய்விடலாம். பவர் கேபிள், சிஆர்2032 பேட்டரி இரண்டையும் கழற்றிய பிறகே புரோகிராமரின் கிளிப்பைச் சிப்பில் மாட்ட வேண்டும்.

சிப்பைப் படித்த முதல் இரண்டு ரீடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கிளிப்பின் ஒரு பல் சிப்பின் காலில் சரியாக உட்காராததே காரணம். திரும்ப அழுத்தி மாட்டியதும் மூன்று முறையும் ஒரே ஹாஷ் (ஃபைலின் சரிபார்ப்பு எண்), 8,388,608 பைட். இது ஒத்துவராமல் எதையும் எழுதவே கூடாது.

பயாஸ் ஃபைலைத் திருத்தும் யூஇஎஃப்ஐடூல் 0.25இல், கடைசி டிஎக்ஸ்இ டிரைவருக்கு (பூட் நேரத்தில் பயாஸ் ஏற்றும் டிரைவர்) அடுத்து மாட்யூலைச் செருகினால் போதும். சேமித்ததைத் திரும்பத் திறந்து பேட் ஃபைல்களை (இடம் நிரப்பும் வெற்றுப் பகுதிகள்) முன்பு இருந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும், அதைச் சிப்பில் எழுதினால் போர்டு எழும்பாமல் போகலாம்.

எதிர்பாராதது: பூட் பட்டியலில் எஸ்எஸ்டியின் பெயர் வரவில்லை, 'பாட்டா' (பழைய டிஸ்க் இணைப்பு வகையின் பெயர்) என்றுதான் வந்தது. அது சரிதான். பயாஸ் அமைப்பில் சிஎஸ்எம்மை (பழைய முறை பூட் வசதி) அணைத்து, யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) முறையில் ஜிபிடி (புதிய பகுப்பு அட்டவணை) டிஸ்க்கில் விண்டோஸ் நிறுவி, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை பூட் வரிசையில் முதலில் வைக்க வேண்டும்.

அடாப்டர் இருக்கும் இரண்டாவது நீள ஸ்லாட்டில் பிசிஐஇ 2.0, நான்கு லேன் (தரவுப் பாதை)தான். ரீட் வேகம் நொடிக்குச் சுமார் 1,600 எம்பி. சாட்டா எஸ்எஸ்டி சுமார் 560ஐத் தாண்டாது.