பால் ஸ்க்ரூவுக்கு எண்ணெயா, கிரீஸா? பட்ட பிறகு மூன்று பேருக்குத் தெரிந்தது

நானே கட்டிய ரூட்டரில் (கணினி சொன்னபடி மரம் வெட்டும் மெஷின்) மூன்று அச்சுக்கும் 1605 பால் ஸ்க்ரூதான்; அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளும் வகை. 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. பெட்டியைப் பிரித்தபோது ஸ்க்ரூ முழுக்க எண்ணெய் மினுமினுத்தது. சரி, மசகு போட்டே அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்படியே மாட்டிவிட்டேன். அது வழியில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவியது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில மாதத்தில் எக்ஸ் அச்சு கரகரக்க ஆரம்பித்தது. இறுகிய போல்ட்டை இளக்கும் ஸ்பிரே கையில் இருந்தது, அடித்தேன். சத்தம் நின்றது, இரண்டே நாளுக்கு. அதில் பெரும்பகுதி கரைப்பான். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விட்டது.

அப்புறம் கிரீஸை ஸ்க்ரூ மேல் விரலால் தாராளமாகப் பூசினேன். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வெட்டுகிற மெஷின் அது! ஒரே வாரத்தில் மரைப் பள்ளமெல்லாம் தூள் கலந்த சேறு. நட்டின் முனையில் அழுக்கைத் தடுக்கும் வைப்பர் வளையம் அதை வழித்து ஓரத்தில் வளையமாகக் குவித்திருந்தது. குண்டுகளுக்குப் போனது அநேகமாக ஒன்றுமில்லை.

நட்டின் விளிம்பில் எம்6 மரை போட்ட துளை ஒன்று இருப்பதை அன்றுதான் கவனித்தேன். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் மாட்டி, என்எல்ஜிஐ 1 (கிரீஸின் கெட்டித்தன்மை எண்) லித்தியம் கிரீஸைக் கொஞ்சம் ஏற்றி, ஸ்க்ரூவைக் கையால் இரண்டு சுற்று திருப்பி, மறுபடி கொஞ்சம். மறுமுனையில் பழைய அழுக்கு கறுப்புக் கோடாகக் கசிந்து வந்தது. கிரீஸ் கன்னை வேகமாக அமுக்காதீர்கள், வைப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும். நட்டு நிரம்பி வழியவும் வேண்டாம். வேகமாக ஓட்டினால் சூடாகும்.

*

நீங்களாவது லித்தியம் போட்டீர்கள். நான் போட்டது வண்டி வேலைக்கு வைத்திருந்த மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். விலை கூடியது என்றால் நல்லதாகத்தானே இருக்கும் என்ற நினைப்பு. உருளும் குண்டுக்கு அந்தத் திடத் துகள் வேண்டாத விருந்தாளி. கிராஃபைட், மாலிப்டினம் கலந்ததைப் போடாதே என்று பால் ஸ்க்ரூ தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறோம்?

கழுவலாம் என்று நட்டைக் கழற்றினேன். ஸ்க்ரூ முனையை விட்டு நட் தாண்டியதுதான் தாமதம், 3.175 மி.மீ. குண்டுகள் சிமென்ட் தரையில் மழைபோல் கொட்டின. காந்தத்தை வைத்துப் பொறுக்கிப் பொறுக்கி இரவு முழுக்கப் போயிற்று. ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. ஸ்க்ரூவின் மரை அடிவிட்டத்தைவிடத் துளி மெல்லிய குழாயை முனையோடு சேர்த்துப் பிடித்து, நட்டை அதன்மேல் திருகி நகர்த்த வேண்டும். அப்போது குண்டு விழாது.

இன்னொன்று. புதுக் கிரீஸ் பாலியூரியா வகை, உள்ளே இருப்பது லித்தியம் என்றால் கலக்காதீர்கள். பல சமயம் இரண்டும் சேர்ந்து இளகி எண்ணெய் பிரிந்து ஓடிவிடும்.

*

நீங்கள் இருவரும் கிரீஸ், நான் எண்ணெய்க் கட்சி. இரும்பு வெட்டும் சின்ன மில்லிங் மெஷின், சறுக்குப் பாதைக்கு ஊற்றும் அதே ஐஎஸ்ஓ விஜி 68 (பாகுத்தன்மை எண்) எண்ணெய்தான் ஸ்க்ரூவுக்கும். ஓடும்போதே பொடி அழுக்கைக் கழுவித் தள்ளிவிடுகிறது. ஆனால் வேலை தொடங்கும் முன் தினமும் ஒரு தடவை விட்டாக வேண்டும். நான் ஒரு வாரம் மறந்து போய், கை வைத்தாலே தெரிகிற அளவு நட் வறண்டு கிடந்தது. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் தெறித்தாலும் எண்ணெய் அடித்துக்கொண்டு போகும்.

இசட் அச்சுக்கு மட்டும் நானும் கிரீஸ். செங்குத்தாக நிற்கிற ஸ்க்ரூவில் எண்ணெய் விட்டால் மறுநாள் காலை அது மேசைமேல்தான் இருக்கிறது.

மர வேலை ரூட்டருக்கு எண்ணெய் போடலாமா என்றால், என் கை போகாது. ஈரமான ஸ்க்ரூவில் மரத்தூள் ஒட்டினால் பசைதான். உள்ளே கிரீஸ், வெளியே உலர்ந்த துணியால் துடைத்த ஸ்க்ரூ, முடிந்தால் மேலே மடிந்து விரியும் ஒரு துருத்தி உறை.

*

முதலில் எழுதியவன்தான். நீங்கள் சொன்ன துருத்தி உறையைப் போட்டுவிட்டேன். எக்ஸ் அச்சின் கரகரப்பு குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. பள்ளத்தில் ஏற்கெனவே கோடு விழுந்துவிட்டது போல.